ரேக் மாட்டியது ஒரு குளிர்காலம், வண்டி நேராக ஓடியது அடுத்த கோடை

எங்கள் வீட்டில் 1966-ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு கூபே, 289 கன அங்குல வி8 இன்ஜின், சி4 ஆட்டோமேட்டிக் கியர். 2017-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஒருவரிடம் வாங்கி, ஃபார்மிங்டன் ஹில்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு டெலிகிராஃப் ரோடு வழியாக ஓட்டி வந்தேன். ஓட்டினேன் என்பதைவிட மேய்த்தேன் என்பதுதான் சரி. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் ஆட்டினாலும் முன்சக்கரங்கள் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது அங்குலத்தில் திடீரென்று விழித்துக்கொண்டு பக்கத்து லேனை எட்டிப் பார்க்கும். நம் ஊர் மெக்கானிக் கையை வைத்ததுமே, "ப்ளே ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிடுவார்.

இதை மசில் கார் என்று சொன்னால் இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். மஸ்டாங் போனி கார், அதாவது அளவில் சின்ன ஸ்போர்ட்ஸ் பாணி வண்டி, பெரிய இன்ஜினை அடைத்த மசில் கார் வேறு என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நான் சொல்லப்போவது, பழைய ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு ரேக் அண்ட் பினியன் என்ற வேறு வகையை மாட்டிய கதை. அது அன்றைய செவர்லே வண்டிகளான கமாரோ, செவெல், நோவா எதற்கும் ஏறக்குறைய பொருந்தும். எல்லாவற்றிலும் இருந்தது ஒரே வகை ஸ்டீயரிங்தான்.

அந்தப் பழைய ஏற்பாட்டை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே திருகுபோன்ற ஒரு தண்டு, அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு நட்டு, இரண்டுக்கும் நடுவே உருண்டு சுற்றிவரும் பால்ரஸ் குண்டுகள். நட்டின் பற்கள் இன்னொரு பற்சக்கரத் துண்டைத் திருப்பும். அதன் கீழ்முனையில் பிட்மேன் ஆர்ம் என்ற கை. அந்தக் கை சென்டர் லிங்க் என்ற குறுக்குக் கம்பியை இடவலமாக இழுக்கும். கம்பியின் மறுமுனையைத் தாங்குவது ஐட்லர் ஆர்ம். சென்டர் லிங்க்கிலிருந்து டை ராட் என்ற இரண்டு கம்பிகள் சக்கரங்களுக்குப் போகும். ஓட்டுபவரின் கைக்கும் டயருக்கும் நடுவே இத்தனை மூட்டுகள். ஒவ்வொன்றிலும் நூலளவு தேய்ந்தால்கூட மொத்தமாகச் சேர்ந்து கையில் இரண்டு அங்குலமாக நிற்கும்.

ரேக் அண்ட் பினியனில் இத்தனை சுற்று கிடையாது. பல் வெட்டிய ஒரு நீளக் கம்பி, அதன்மேல் ஒரு சின்னப் பல்சக்கரம். சக்கரம் திரும்பினால் கம்பி நகரும், கம்பியின் முனைகளிலேயே டை ராட்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஈரோட்டில் அப்பா வைத்திருந்த அம்பாசடரில் இருந்தது ரேக் அண்ட் பினியன்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்த வண்டி அது. 1948-இல் வந்த மோரிஸ் மைனரிலேயே ஆங்கிலேயர்கள் அதைப் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் கார்வெட்டுக்கே 1984 மாடலில்தான் வந்தது, கமாரோவுக்கு 1993-இல். மஸ்டாங் பெயரில் முதலில் ரேக் பெற்றது 1974-இன் மஸ்டாங் 2. அப்படியானால் இவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். முன்னால் கனமான வி8 உட்கார்ந்திருக்கும் வண்டியை பவர் ஸ்டீயரிங் இல்லாமல் ஒரு சாதாரண ஆள் பார்க் செய்ய வேண்டும். பெட்டிக்குள் பல் விகிதத்தை வேண்டியமட்டும் கூட்டிக்கொள்ளலாம். என் வண்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஏறக்குறைய ஐந்து சுற்று. கை வலிக்காது, சாலையின் அடியும் கைக்கு வராது. இந்தக் கணக்கை நான் ரேக் வாங்குவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை. முதலில் செய்தது எல்லோரும் செய்யும் தவறு. பெட்டியின் மேலே ஒரு ஸ்க்ரூவும் பூட்டு நட்டும் இருக்கும். அதை முறுக்கினால் பற்கள் நெருங்கும், ப்ளே குறையும். முறுக்கினேன், குறைந்தது. ஆனால் பெட்டியின் பற்கள் தேய்வது பெரும்பாலும் நடுவில்தான், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. நடுவுக்குச் சரியாக முறுக்கினால் ஓரங்களில் இறுகிவிடும். அடுத்த நாள் தெருமுனையில் திரும்பியபோது ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை, அப்படியே நின்றது. நல்லவேளை, இருபது மைல் வேகம். பிட்மேன் ஆர்மைக் கழற்றிவிட்டு, பெட்டியை நடுவில் வைத்து, இழுவையை அளந்துகொண்டே கால் சுற்று கால் சுற்றாகச் செய்ய வேண்டிய வேலை அது. அப்படிச் செய்ய முடியாதவர்கள் அந்த ஸ்க்ரூவைத் தொடாமல் இருப்பது நல்லது.

பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டினேன். 2018 அக்டோபரில் கையால் திருப்பும், பவர் இல்லாத ரேக் கிட் ஒன்றுக்கு 1,900 டாலர் கொடுத்தேன். பவர் ரேக் வேண்டாம் என்றதற்குக் காரணம், பம்ப், ஹோஸ், ஆயில் ஒழுக்கு என்று இன்னொரு தலைவலி எதற்கு என்ற நினைப்புதான். அன்று என்முன் வேறு வழிகளும் இருந்தன. பெட்டியைப் புதுப்பிக்கலாம். பவர் உதவி உள்ளேயே இருக்கும் புதுவகைப் பெட்டியைப் பழைய இடத்திலேயே மாட்டலாம். ஸ்டீயரிங் தண்டில் மின்மோட்டார் வைக்கலாம். இல்லையென்றால் முன் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் தாங்கும் ஷாக் டவர் என்ற இரும்புக் கோபுரங்களையே அறுத்துவிட்டு மஸ்டாங் 2 மாதிரியிலான முழு சஸ்பென்ஷனைப் போடலாம். கடைசி வழி எனக்கு ஆகாது. ஐம்பது வருடம் நின்ற இரும்பை அறுக்க மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். டெட்ராய்ட் தொழிற்சாலைகளில் முப்பது வருடத்துக்கும் மேல் லேத்தில் நின்றவர். கிட் வந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு, பழையதில் என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். ப்ளே இருக்கிறது என்றேன். எங்கே என்று திரும்பக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டாவது அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம்.

நவம்பரில் கழற்ற ஆரம்பித்தேன். மிச்சிகனில் சாலையில் உப்புக் கொட்டத் தொடங்கிவிட்டால் பழைய வண்டிகள் ஏப்ரல்வரை வெளியே வராது. எனவே அவசரமில்லை. டை ராட் மூட்டுகளைப் பிரிக்க ஃபோர்க் வைத்து அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் ரப்பர் பூட் கிழிந்துவிடும். பழையதைத் திரும்ப மாட்டும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் புல்லர் வைத்து இழுங்கள். பிட்மேன் ஆர்முக்குப் புல்லர் கட்டாயம். எனக்கு இரண்டு நாளும் ஒரு கேன் துருநீக்கியும் ஆனது.

பெட்டியை வெளியே எடுத்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. 1966 வண்டியில் ஸ்டீயரிங் தண்டு தனி உறுப்பு அல்ல. பெட்டியிலிருந்து ஸ்டீயரிங் வீல்வரை ஒரே இரும்புக் கம்பி, மூன்றடிக்கும் மேல். பெட்டி இருப்பதோ வண்டியின் முன்பகுதியில். நேருக்கு நேர் மோதினால் அந்த ஈட்டி எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மோதும்போது மடங்கிக் கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டு பரவலானது 1968 ஜனவரி 1 முதல் அமலான அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு விதியை ஒட்டித்தான். ரேக் மாட்டியதில் எனக்குக் கிடைத்த சந்தேகமில்லாத ஒரே லாபம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். புதுத் தண்டு இரண்டு இடத்தில் யூனிவர்சல் ஜாயிண்ட் வைத்து வளைந்து போகிறது. நேர்கோட்டில் நெஞ்சுக்கு வராது.

இனி மாட்டும் வேலை. கிட்டோடு வந்த குறுக்குச் சட்டம் இடப்பக்கம் பழைய பெட்டியின் மூன்று துளைகளிலும், வலப்பக்கம் ஐட்லர் ஆர்மின் இரண்டு துளைகளிலும் உட்கார வேண்டும். துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம் என்று விளம்பரம். இடப்பக்கம் உட்கார்ந்தது. வலப்பக்கம் கால் அங்குலம் தள்ளி நின்றது. விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், துளையை ஓவலாக ராவிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ராவியிருப்பேன். பெரியவர்தான், சட்டம் தப்பா வண்டி தப்பா என்று முதலில் பார் என்றார். இந்த மஸ்டாங்கில் தனிச் சேஸிஸ் கிடையாது, உடம்பே சேஸிஸ். முன்சக்கர ஸ்பிரிங்கின் எடை முழுவதும் ஷாக் டவர்களின் தலையில் ஏறுகிறது. வருடக்கணக்கில் இரண்டு டவர்களும் ஒன்றை ஒன்று பார்த்து உள்ளே சாயும். கரடுமுரடான சாலை உள்ள நாடுகளுக்கு அனுப்பிய வண்டிகளில் ஃபோர்டே டவர்களை இன்ஜின் அறையின் பின்சுவரோடு பிணைத்து ஒரு கெட்டியான பட்டை போட்டது. அதனால் அதற்கு இன்றும் எக்ஸ்போர்ட் பிரேஸ் என்று பெயர். என் வண்டியில் அது இல்லை. இன்ஜினுக்கு இருபுறமும் நீளவாக்கில் ஓடும் இரண்டு ஃப்ரேம் ரெயில்களுக்கு நடுவே அளந்தோம், குறுக்காகவும் அளந்தோம். சட்டம் சரி, வண்டிதான் கொஞ்சம் குறுகியிருந்தது. பாட்டில் ஜாக்கியைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ளி, எக்ஸ்போர்ட் பிரேஸைப் போட்டுப் பூட்டினோம். அப்புறம் ஐந்து போல்ட்டும் விரலாலேயே ஏறின. துளையை ராவியிருந்தால் ரேக் கோணலாக உட்கார்ந்திருக்கும், அலைன்மென்ட் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே திரிந்திருப்பேன்.

தண்டு மாட்டியதில் தவறு முழுக்க என்னுடையது. யூனிவர்சல் ஜாயிண்ட் இரண்டு இருந்தால், நடுத்தண்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நான் ஒன்றை இன்னொன்றுக்குக் குறுக்காக மாட்டியிருந்தேன். திருப்பும்போது இறுகும், இளகும், மறுபடி இறுகும், மறுபடி இளகும், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. ரேக் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று புகார் எழுதக்கூட உட்கார்ந்துவிட்டேன். கவையைத் திருப்பி மாட்டியதும் வெண்ணெய்போல் சுற்றியது. ஜாயிண்டின் செட் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் தண்டில் ஒரு சின்னக் குழி போட்டு, ஸ்க்ரூவுக்கு லாக் நட்டும் த்ரெட் பசையும் கொடுப்பது அவசியம். ஸ்டீயரிங்கில் எந்த உறுப்பையும் வீட்டில் வெல்டிங் செய்யக் கூடாது என்பது என் விதி. மிச்சிகனில் வருடாவருடம் வண்டியைச் சோதித்துச் சான்று தரும் வழக்கமே கிடையாது. நம் வேலையை இன்னொருவர் பார்த்துத் தடுக்கமாட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். ரேக்கை ஒரு கோடிவரை சுற்றி, மறு கோடிவரை எண்ணி, பாதியில் நிறுத்தி, அதன் பிறகே ஸ்டீயரிங் வீலை நேராக மாட்ட வேண்டும். நான் டை ராடை அட்ஜஸ்ட் செய்து வீலை நேராக்கினேன். விளைவு, வண்டி இடது பக்கம் நன்றாகத் திரும்பும், வலது பக்கம் குறைவாகத் திரும்பும், இண்டிகேட்டர் ஒரு பக்கம் தானாக அணையாது. மறுபடியும் முதலிலிருந்து.

2019 ஏப்ரலில் வெளியே எடுத்தேன். முதல் இரண்டு தெரு சொர்க்கம். ஸ்டீயரிங்கை ஒரு விரல் அளவு நகர்த்தினால் வண்டி ஒரு விரல் அளவு நகர்ந்தது. நடுவில் துளி ப்ளே இல்லை. பெரிய சாலைக்கு வந்து ஐம்பது மைலைத் தொட்டேன். தார் ஒட்டுப் போட்ட ஒரு மேட்டில் வலது சக்கரம் ஏறியது. வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. நான் எதுவும் செய்யவில்லை, ஸ்டீயரிங் கையில் அசையவே இல்லை, வண்டி மட்டும் தானாகத் திரும்பியது. அடுத்த மேடு இடது சக்கரத்துக்கு, வண்டி இடது பக்கம் போனது. பழைய பெட்டி இருந்தபோது வண்டி சோம்பேறி. இப்போது அதற்குச் சுயபுத்தி வந்துவிட்டது. அந்த மூன்று மைல் திரும்பி வந்ததில் சட்டை நனைந்துவிட்டது.

இதற்குப் பம்ப் ஸ்டீயர் என்று பெயர். ஒரு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கயிறும் ஒரே நீளம், ஒரே உயரத்தில் கட்டியிருந்தால் பலகை எவ்வளவு வீசினாலும் நேராக இருக்கும். ஒரு கயிறு குட்டையானால் வீசும்போதெல்லாம் பலகை திரும்பும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது, அதை வண்டியோடு பிணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம்கள் அதை ஒரு வளைவில் கொண்டுபோகின்றன. டை ராடும் தன் வளைவில் போகிறது. இரண்டு வளைவும் ஒத்துப்போகாவிட்டால் டை ராட், சக்கரத்தைத் திருப்பும் கையான ஸ்டீயரிங் ஆர்மை இழுக்கும் அல்லது தள்ளும். சக்கரம் திரும்பிவிடும். பெட்டியா, ரேக்கா என்பதைப் பற்றிச் சக்கரத்துக்குக் கவலையே இல்லை. டை ராடின் உள்மூட்டு எங்கே இருக்கிறது, வெளிமூட்டு எங்கே இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 1960-களின் ஃபோர்டு இன்ஜினியர்கள் சென்டர் லிங்க்கில் அந்த உள்மூட்டுகளுக்கு ஓர் இடம் குறித்திருந்தார்கள். நான் ரேக் என்ற பெயரில் அவற்றை வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். போதாததற்கு, முன் ஸ்பிரிங்கை ஒரு அங்குலம் இறக்கியிருந்தேன். மேல் கண்ட்ரோல் ஆர்மின் அச்சையும் ஒரு அங்குலம் கீழே துளையிட்டு மாற்றியிருந்தேன். அது ஃபோர்டில் இருந்த கிளாஸ் ஆர்னிங் சொன்ன, ஷெல்பி வண்டிகளால் புகழ்பெற்ற பழைய வித்தை. மூன்று மாற்றமும் சேர்ந்து என்ன செய்யும் என்று யாரும் எனக்கு அளந்து சொல்லப்போவதில்லை.

ஆகவே நானே அளந்தேன். இந்த வேலையில் நான் கற்ற உருப்படியான விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முன் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் இருந்தால் ஜாக்கியால் சக்கரத்தைத் தூக்கும்போது வண்டியே எழும்பும். இந்த மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின்மேல், டவருக்குள் அடைந்து நிற்கிறது. அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கேரேஜ் கூரையை உடைக்கும், முகத்தை விட்டுவைக்காது. ஷாக்கையும் கழற்றியபின் கீழ் ஆர்மின் அடியில் ஒரு ஜாக்கி வையுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். அதுதான் பூஜ்யம். ஸ்டீயரிங்கை நடுவில் அசையாமல் கட்டிவிடுங்கள்.

சக்கரத்துக்குப் பதில் ஹப்பில் இரண்டடி நீள அலுமினியத் தகடு ஒன்றைப் படுக்கவாட்டில் போல்ட் செய்தேன். அதன் முன்முனையிலும் பின்முனையிலும் தொடும்படி, தரையில் நிற்கும் ஒரு கனமான மரச்சட்டத்தில் இரண்டு டயல் கேஜ். ஆர்மை அரை அங்குலம் ஏற்றுவது, இரண்டு கேஜையும் எழுதுவது, மறுபடி அரை அங்குலம். மேலே இரண்டரை அங்குலம், கீழே இரண்டு அங்குலம். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. கால் பெருவிரல்களை உள்ளே திருப்பி நின்றால் டோ இன், வெளியே திருப்பினால் டோ அவுட். என் மகள் எழுதினாள். "அப்பா, இது ஸ்கூல் லேப் மாதிரியே இருக்கு" என்றவள் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

முதல் அளவில், சக்கரம் இரண்டு அங்குலம் ஏறும்போது டோ ஐந்து மில்லிமீட்டர் வெளியே போனது. சாலையில் வலது சக்கரம் மேட்டில் ஏறியபோது வண்டி ஏன் வலப்பக்கம் பாய்ந்தது என்பதற்கு அந்த ஒரு எண் போதும்.

எண்களை வரைதாளில் போட்டபோது ஒரு கோடு வந்தது. அந்தக் கோட்டின் உருவத்தைப் பாருங்கள், மருந்து அதில்தான் இருக்கிறது. மேலே போகும்போது ஒரு பக்கம், கீழே போகும்போது எதிர்ப்பக்கம் என்று சாய்வான நேர்கோடாக இருந்தால் டை ராடின் ஏதோ ஒரு முனை உயரம் தப்பு. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தோ வாஷர் வைத்தோ சரிசெய்யலாம். மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே பக்கம் திரும்புகிறது, அதாவது கோடு வில்போல் வளைகிறது என்றால் டை ராடின் நீளம் தப்பு. ரேக்கின் அகலம் அந்த வண்டிக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அதற்கு ஷிம் உதவாது, ரேக்கைத்தான் மாற்ற வேண்டும். எனக்கு வந்தது பெரும்பகுதி சாய்வு, கொஞ்சம் வளைவு. தப்பித்தேன்.

மஸ்டாங்கில் ஸ்டீயரிங் ஆர்ம்கள் அச்சுக்குப் பின்னால் இருக்கின்றன. சக்கரம் ஏறும்போது டோ அவுட் ஆனால் டை ராட் ஆர்மை உள்ளே இழுக்கிறது, அதாவது உள்மூட்டு இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இருக்கிறது. ரேக்கைத் தூக்கலாம், இல்லையென்றால் வெளிமூட்டைத் தாழ்த்தலாம். ரேக்கை ஐந்து மில்லிமீட்டர் தூக்கியதுமே இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியின் பக்கத்தில் வந்துவிட்டது. மீதியை வெளிமூட்டில் செய்தேன். வழக்கமான டை ராட் முனைக்குப் பதில், நீளமான போல்ட்டில் வாஷர்களை அடுக்கி உயரத்தை மாற்றும் ஒரு மூட்டு கிடைக்கிறது. ஒரு வாஷர் சேர்ப்பது, அளப்பது, எடுப்பது, அளப்பது. நான்கு சனிக்கிழமைகள். கடைசியில் இரண்டு அங்குல ஏற்றத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் இருந்தது முக்கால் மில்லிமீட்டராகக் குறைந்தது. மிச்சம் வளைவால் வருவது, அது போகாது. முடித்ததும் ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பி, சக்கரத்தைக் கோடிக்குக் கோடி ஏற்றி இறக்கி, அந்தப் போல்ட் ரிம்மில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இடது பக்கம் இடித்தது. 14 அங்குல ரிம்மை விட்டு 15-க்குப் போனேன். செலவு அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

அலைன்மென்ட் கதை சின்னது. போன முதல் கடையில் கம்ப்யூட்டர் 1966-இன் ஃபேக்டரி அளவைக் காட்டியது, எல்லாம் பச்சை. ஆனால் அது அந்தக் காலத்துப் பயஸ் என்ற பழைய வகை டயருக்கு எழுதிய அளவு. காஸ்டர் ஏறக்குறைய பூஜ்யம். சைக்கிளில் கையை விட்டு ஓட்ட முடிவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம்தானே? அந்தச் சாய்வுதான் காஸ்டர். இன்றைய ரேடியல் டயருக்கு அது கூடுதலாக வேண்டும். இரண்டாவது கடையில் என் அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: காஸ்டர் நான்கு டிகிரி, கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்முனைச் சாய்வு, உள்பக்கம் அரை டிகிரி, டோ இன் மொத்தம் மூன்று மில்லிமீட்டர். வண்டி அம்புபோல் போனது.

வீட்டில் அடுத்த பிரச்சினை. என் மனைவி கோயிலுக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்து, "ஏங்க, இது காரா கரும்பு மெஷினா? பார்க் பண்றதுக்குள்ள தோள் கழண்டுடுச்சு" என்றாள். ஐந்து சுற்று மூன்றரை ஆகியிருக்கிறது. சுற்று குறைந்த அளவுக்குப் பலம் கூடத்தானே வேண்டும்? அம்பாசடரில் அப்பா இதை ஒரு புகாராகச் சொன்னதே இல்லை, ஆனால் அதில் முன்னால் வி8 இல்லை. அதோடு நான்கு டிகிரி காஸ்டர் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் எதிர்க்கும். இரண்டரைக்கு இறக்கினேன். அழகுக்காக வாங்கிய சின்ன ஸ்டீயரிங் வீலைக் கழற்றிவிட்டுப் பழைய பெரிய வீலை மாட்டினேன். முன்டயரை 225-இலிருந்து 205 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாற்றினேன். இப்போது வண்டி கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்தால் லேசாகத் திரும்புகிறது. நின்ற இடத்தில் திருப்புவது இன்றும் உடற்பயிற்சிதான். பவர் வேண்டாம் என்ற என் முடிவு தப்பு என்று அவள் சொல்கிறாள். மறுக்க முடியவில்லை.

மாற்ற முடியாதது இன்னொன்று: வண்டி திரும்பும் வட்டம். கிட்டில் வந்த ரேக் மொத்தம் ஆறு அங்குலம்தான் நகரும். பழைய சென்டர் லிங்க் அதைவிட அதிகமாக நகர்ந்தது. முன்பு ஏறக்குறைய 38 அடியில் திரும்பிய வண்டிக்கு இப்போது 44 அடி வேண்டும். வேறு ஊரில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். மிச்சிகனில் பல பெரிய சாலைகளில் நேராக இடப்பக்கம் திரும்ப விடமாட்டார்கள். சந்திப்பைத் தாண்டிப் போய், நடுத்திட்டின் இடைவெளியில் யூ டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். மிச்சிகன் லெஃப்ட் என்றே அதற்குப் பெயர். 2019 ஆகஸ்ட் 17, உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் நாள். ஆயிரக்கணக்கான பழைய வண்டிகள் உட்வர்ட் அவென்யூவில் ஊர்ந்துகொண்டிருக்க, நான் யூ டர்ன் அடித்தபோது முன்பு நடு லேனில் முடியும் திருப்பம் ஓரத்து லேனுக்கே போய் நின்றது. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கோடையின் கடைசியில் பெரியவர் என் கேரேஜ் மூலையில் கிடந்த பழைய சாமான்களை எடுத்து மேசைமேல் போட்டார். ஐட்லர் ஆர்மைக் கையில் பிடித்து ஆட்டிக் காட்டினார். உள்ளே இருந்த ரப்பர் புஷ் கிழிந்து, கை மேலும் கீழும் ஒரு விரல் அளவு ஆடியது. டை ராட் முனைகளில் இரண்டு தளர்ந்திருந்தன. பெட்டியைத் திறந்து பார்த்தார். பேரிங் ஒன்று போயிருந்தது, பற்கள் பரவாயில்லை. அதாவது என் இரண்டு அங்குல ப்ளேயில் பாதிக்குமேல் பெட்டிக்கு வெளியே இருந்திருக்கிறது. ஐட்லர், டை ராட்கள், பேரிங், சீல் எல்லாம் சேர்த்து 500 டாலருக்குள் முடிந்திருக்கும். ரேக், ரிம், டயர், மூட்டுகள், அலைன்மென்ட் என்று என் கணக்கு 3,400-ஐத் தாண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சக்கரங்கள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடவலமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு உறுப்பும் சேர்ந்து அசைந்தால் நல்ல மூட்டு, ஒன்று முதலில் அசைந்து மற்றது பிறகு அசைந்தால் அதுதான் திருடன். பத்து நிமிடம் ஆகும். புது ஐட்லர் ஆர்ம் ரப்பர் புஷ் வைத்ததாக இருந்தால், சக்கரங்களை நேராக வைத்த பிறகே அதன் நட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும்.

ரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டேனா என்றால் இல்லை. ஈட்டி போனது நிம்மதி, நடுவில் ப்ளே இல்லாதது சுகம், இத்தனை பாடுபட்ட பிறகு மனசும் வராது. ஆனால் இன்று இதே வண்டி முதல்முறை கைக்கு வந்தால் முதலில் 500 டாலரைச் செலவழித்து ஒரு கோடை ஓட்டிப் பார்ப்பேன். அதன் பிறகும் ரேக்தான் வேண்டும் என்று தோன்றினால், கிட் விற்பவரிடம் என் வண்டியின் உயரத்துக்கு அளந்த பம்ப் ஸ்டீயர் கோடும், ரேக் எத்தனை அங்குலம் நகரும் என்ற எண்ணும் கேட்பேன். இரண்டும் தராதவரிடம் வாங்கமாட்டேன்.

அந்த இரண்டடி அலுமினியத் தகடும் டயல் கேஜ் சட்டமும் கேரேஜில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் மூன்று பேர் இரவல் வாங்கிப் போனார்கள். முதல் இருவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஐட்லர் ஆர்ம் வாங்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவர் ஏற்கெனவே ரேக் வாங்கிவிட்டார். தகடு இன்னும் திரும்பி வரவில்லை.